மகுடமும் தறியும்

அழகுராணிப் போட்டி என்ற பேச்சு எழுந்தால் முற்போக்காளர் கூட்டத்திலே ஒரு நகைப்புப் பிறப்பது வழக்கம். அந்த நகைப்பு நியாயமற்றதென்று நான் கூறமாட்டேன். பெண்ணின் உடலை அளந்து, புள்ளியிட்டு, வரிசைப்படுத்தி, விளம்பரக்காரனின் கையில் ஒப்படைக்கும் ஒரு வியாபாரத்தைக் கண்டு நகைக்காமல் வேறென்ன செய்வது? ஆயினும் நகைத்து முடித்த பின்னர் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அந்த மேடையைப் பற்றி ஒரு சிறுமி காணும் கனவு உண்மையில் எதைப் பற்றியது? வறுமையையும் போரையும் கடலின் சீற்றத்தையும் கடந்து, நாற்பது ஆண்டுகளாக அக்கனவு ஒரு தொழிலாளிப் பெண்ணின் நெஞ்சில் அழியாது கிடப்பது எதனால்? வியாபாரத்தின் மயக்கம் என்ற ஒரு விடை அதற்குப் போதுமா?

கல்முனைப் பகுதியில் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை நான். இவ்வினா என் குடும்பத்தின் உள்ளிருந்தே எனக்கு எழுந்தது. அதைச் சொல்வதற்கு முன்னர் வியாபாரத்தின் கதையைச் சற்று நோக்குவோம்.

தமிழிலக்கியம் கற்றவர்க்கு இந்த வியாபாரம் புதிதன்று. சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டுகள் பயின்று, 12ஆம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறுகிறாள். தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அடுத்து நிகழ்வதைக் கவனியுங்கள். அதே 1008 கழஞ்சு அவளுடைய மாலையின் விலையாகிறது. கூனி ஒருத்தி அம்மாலையை நகரத்துச் செல்வர் திரியும் தெருவிலே கொண்டுபோய் நிறுத்துகிறாள், கோவலன் வாங்குகிறான். பரிசுக்கும் விலைக்கும் ஒரே எண் என்பதை இளங்கோ மறைக்கவில்லை. இப்பகுதியைக் கற்பிக்கும் ஆண்டெல்லாம் எவளேனும் ஒரு மாணவி எழுந்து, “மாதவி ஆட விரும்பினாளா, ஆட வைக்கப்பட்டாளா?” என்று வினவுகிறாள். காவியம் நேராக விடை கூறவில்லை. ஆனால் தன் மகள் மணிமேகலையை அவள் அந்த அரங்கிற்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்பது நாமறிந்த செய்தி.

இக்காலத்துப் போட்டிகளின் பிறப்பும் இதற்கு வேறானதன்று. 1921இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரத்து ஹோட்டல்காரர்களும் வணிகரும், கோடை முடிந்த பின்னும் பயணிகளை ஊரிலே தங்கவைக்க ஒரு கேளிக்கையை நாடினர். அமெரிக்க அழகி பிறந்தாள். 1951இல் இலண்டனில், பிரித்தானிய விழாவையொட்டி, நடன மண்டபங்கள் நடத்திய ஒரு நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் மோர்லி என்பவர் நீச்சலுடைப் போட்டி ஒன்றை ஒழுங்கு செய்தார். உலக அழகி பிறந்தாள். அதே காலத்தில் அமெரிக்க அழகியாகத் தெரிவான யோலண்ட் பெட்பீஸ், பட்டம் பெற்ற பின்னர் நீச்சலுடையில் ஊர் ஊராகக் காட்சி தர முடியாதென்று மறுத்துவிட்டார். பணம் போட்ட நீச்சலுடை நிறுவனம் சினங்கொண்டு விலகி, 1952இல் தனக்கென ஒரு போட்டியைத் தொடங்கியது. அதுவே பிரபஞ்ச அழகிப் போட்டி. ஒரு பெண் ‘மாட்டேன்’ என்று சொன்னதன் விளைவாக, ‘மாட்டேன்’ என்று சொல்லாத பெண்களைத் தேடுவதற்கு ஒரு பிரபஞ்சமே தேவைப்பட்டது! மூன்றாண்டுகளின் பின் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் நடந்த அப்போட்டியில் இலங்கையின் மொரீன் ஹிங்கர்ட் மூன்றாம் இடம் பெற்றார்; ஹொலிவூட் படங்களிலும் நடித்தார்.

எதிர்ப்பு எழாமலில்லை. 1968இல் அட்லாண்டிக் நகரில் பெண்விடுதலை இயக்கத்தார் போட்டி மண்டபத்தின் வெளியே திரண்டனர். 1970இல் இலண்டன் அல்பேர்ட் மண்டபத்தினுள்ளே புகுந்த பெண்கள் மாப்பைகளை வீசி உலக அழகிப் போட்டியைச் சிறிது நேரம் நிறுத்தியே விட்டனர். 1996இல் பெங்களூரில் அப்போட்டி நடந்தபோது பலதிறத்தாரும் எதிர்த்தனர். நீச்சலுடைச் சுற்றைச் சீஷெல்ஸ் தீவுகளுக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. மதுரையில் ஓர் இளைஞர் எதிர்ப்பின் பெயரால் தீக்குளித்து மாண்டார்.

ஆனால் 1970இன் அந்த இரவில் இன்னொன்றும் நிகழ்ந்தது. மாவும் கூச்சலும் அடங்கிய பின்னர் மகுடம் சூட்டப்பட்டவர், கிரெனடா என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து வந்த ஜெனிபர் ஹோஸ்டன் என்ற கறுப்பினப் பெண். வெள்ளை நிறமே அழகென்று ஆண்டாண்டு காலமாகச் சொல்லப்பட்டு வந்த உலகத்திலே, கரீபியத் தீவுகளின் கறுப்புச் சிறுமியர் அன்றிரவு தம்மைப் புதிதாகப் பார்த்திருப்பர். மண்டபத்திற் கிளர்ந்த கோபமும் உண்மை. மேடையில் நின்றவளின் பெருமையும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்துவிட முடியாது. தமிழகத்திலே கூவாகத்துச் சித்திரை விழாவையொட்டி விழுப்புரத்தில் திருநங்கையர்க்கு நடத்தப்படும் அழகுப் போட்டியையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். சிறுவயதில் தாயின் சேலையைக் கதவடைத்துக்கொண்டு உடுத்திப் பார்த்து அடிவாங்கிய ஒருவர், வளர்ந்தபின் ஆயிரம் பேர் முன்னிலையில் அதே சேலையோடு நடக்கும்போது, அவர் தேடுவது புள்ளியை மட்டுமா? ‘நான் இருக்கிறேன்’ என்பதைப் பிறர் கண்ணில் காண்பதையே அவர் முதலிலே தேடுகிறார்.

காணப்படுதல் வேறு, மதிப்பிடப்படுதல் வேறு. முன்னது மனிதத் தேவை. பின்னது அத்தேவையின் மீது கட்டப்பட்ட கடை. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவர் என் சாச்சி.

கல்முனைக்கு வடக்கே கடலையொட்டிக் கிடக்கும் மருதமுனை, கைத்தறிக்குப் பேர்பெற்ற முஸ்லிம் ஊர். என் உம்மாவின் தங்கையாகிய சாச்சி அங்கே, தறியின் ஓசை ஓயாத ஒரு வீட்டிலே பிறந்தார். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு நூல் சுற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவ்வீட்டின் சட்டம். 1984ஆம் ஆண்டு, சாச்சிக்கு வயது பத்து. நூல் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளொன்றில் ஒரு படம். மணமான பெண்களுக்கென்று அவ்வாண்டு முதன்முதலாக நடத்தப்பட்ட உலகப் போட்டியில் மகுடம் சூடிய ரோசி சேனாநாயக்கவின் படம் அது. இலங்கைப் பெண். சாச்சி அத்தாளை மடித்துப் பெட்டியினடியில் வைத்துக்கொண்டார். பல்லாண்டுகளின் பின் இதனை என்னிடம் கூறியபோது அவர் சொன்ன காரணம் வியப்புக்குரியது. “கலியாணம் முடிச்ச பொம்பிளைக்கும் கிரீடம் வெப்பாங்க எண்டு அண்டைக்குத்தான் மகள் எனக்குத் தெரிஞ்சிச்சு.”

பத்து வயதுப் பிள்ளைக்கு அப்போதே தெரிந்திருந்தது, தன் நாட்கள் மிகக் குறைவென்று.

கலியாணம் விரைந்தே வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது கிழக்கு மாகாணம் இரத்தத்தில் நனைந்தது. குமர்ப்பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கப் பெற்றோர் அஞ்சினர். சாச்சிக்குப் பதினாறு வயது. பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயும் சகோதரிகளும் பாயில் அமர்ந்தார்கள். நடந்து வரச் சொன்னார்கள். கூந்தலை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். பேச்சுக் கொடுத்துக் குரலைக் கேட்டார்கள். தேநீர்க் கோப்பையை நீட்டிய கையின் நிறத்தை நோக்கினார்கள். ‘நிறம் கொஞ்சம் மட்டு’ என்று முதல் வீட்டார் சொல்லியனுப்பினர். இரண்டாம் வீட்டார் பதிலே அனுப்பவில்லை. மூன்றாம் வீட்டார், நிறத்துக்கு ஈடாக வளவிலே இன்னும் சிறிது நிலத்தைச் சேர்த்துக் கேட்டு, இணங்கினர்.

அழகுராணிப் போட்டி நம் பண்பாட்டுக்கு அந்நியமானது என்று மேடைதோறும் முழங்குவோரை நான் கேட்கிறேன்: இது போட்டியன்றி வேறென்ன? நடையுண்டு, குரலுண்டு, நிறமுண்டு, நடுவருண்டு, புள்ளியுமுண்டு. வென்றவளுக்கு மகுடம் மட்டும் இல்லை. அவளே சீதனமும் கொடுக்கவேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. மேடையேறும் பெண் தானே விண்ணப்பம் எழுதி வருகிறாள். பாயின் முன்னே நடந்துவரும் பெண்ணை எவரும் கேட்பதில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயதை விதிக்கவில்லை. விவாகப் பதிவேட்டில் அவள் கையெழுத்தையும் வேண்டி நிற்கவில்லை. 1995இல் நாட்டின் ஏனைய சமூகத்தவர்க்குத் திருமண வயது 18 ஆக உயர்த்தப்பட்டபோது நம் சிறுமியர் அதற்குப் புறம்பாகவே விடப்பட்டனர். தன் கையெழுத்து வேண்டப்படாத ஒரு வாழ்க்கைக்குள் புகுந்த பெண், தன் முகத்தை யாரேனும் ஒருமுறை முழுதாகப் பார்க்கவேண்டுமென்று ஏங்கினால் அதனை மயக்கமென்று தள்ளிவிடலாகுமா?

பின்னர் நிகழ்ந்தவை இக்கரையிலே பல பெண்களுக்கு நிகழ்ந்தவையே. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் நிறுவப்பட்டு, பெண்ணின் உழைப்பு ஒழுங்கான ஏற்றுமதியாகிவிட்ட காலம். கணவரின் வருவாய் போதாமையால், இரண்டாவது பிள்ளை பால்குடி மறந்ததும் சாச்சி குவைத்துக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். நான்கு ஆண்டுகள். அந்த வீட்டிலே ஆளுயரக் கண்ணாடிகள் பலவாம். தினந்தோறும் துடைத்தாராம். திரும்பி வந்து அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு தறி போட்டார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் அத்தறியையும் வீட்டின் பாதியையும் கொண்டுசென்றது. பெட்டியும் போயிற்று, பெட்டியினடியிலிருந்த பத்திரிகைத் தாளும் போயிற்று. உயிர்கள் தப்பின. அண்டை வீடுகளில் அதுவும் தப்பவில்லை. சாச்சி மீண்டும் தறியில் அமர்ந்தார்.

உலகம் இதற்கிடையில் மாறிக்கொண்டிருந்தது. பிரபஞ்ச அழகிப் போட்டியில் 28 வயதுக்கு மேற்பட்டோர் பங்குபற்ற முடியாதென்றிருந்த விதி 2023இல் நீக்கப்பட்டது. மணமானவர்க்கும் தாய்மார்க்கும் இருந்த தடை அதற்குச் சற்று முன்னர் எடுபட்டது. 2024இல் ஆர்ஜென்டினாவின் அலெஹாந்திரா ரொத்ரிகஸ் என்ற வழக்கறிஞர் 60ஆம் வயதில் புவனோஸ் அயர்ஸ் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு நவம்பரில் மால்ட்டா நாட்டின் நாற்பது வயதுத் தாயொருவர் மெக்சிகோ நகரில் நடந்த உலகப் போட்டியின் மேடையில் நின்றார்.

இவர்கள் எல்லோரினும் என் மனத்தில் நிற்பவர் தென்கொரியாவின் சோய் சூன்-ஹ்வா. 1943இல் பிறந்தவர். மருத்துவமனைகளில் நோயாளரைப் பராமரிக்கும் வேலை செய்தவர். பிறருடைய நோயுற்ற உடலைக் கழுவித் துடைத்து நாட்களைக் கழித்தவர். உள்ளே புதைந்து கிடந்த பழைய ஆசையை நோயாளர் ஒருவரின் தூண்டுதல் கிளறிவிட, எழுபது வயதைத் தாண்டிய பின்னரே ஆடை அணிவகுப்பு நடை பயிலத் தொடங்கினார். 2024 செப்டம்பர் 30ஆம் நாள், 80 வயதில், தம் நாட்டுப் பிரபஞ்ச அழகித் தெரிவின் இறுதிச் சுற்றில் வெண்கூந்தலோடு நடந்தார். மகுடம் 22 வயது மாணவி ஒருவருக்குப் போயிற்று. இவருக்குச் சிறந்த ஆடைக்கான விருது கிடைத்தது.

இச்செய்தியைப் பலர் ‘முயன்றால் முடியாததில்லை’ என்ற நீதிக்கதையாகச் சொல்லி மகிழ்கின்றனர். எனக்கு அதில் வேறொரு கணக்குத் தெரிகிறது. ஒரு பெண்ணின் இளமை முழுவதும் எங்கே போயிற்று? கூலிக்கும் கடனுக்கும் பிள்ளைகளின் சோற்றுக்கும் போயிற்று. வசதியுள்ள வீட்டுப் பெண் இருபதாம் வயதில் ஏறிப் பார்த்து, சலித்து, இறங்கிவிடும் மேடைக்கு உழைக்கும் பெண் எண்பதாம் வயதில் வந்து சேர்கிறாள். காலந்தாழ்ந்த கனவு என்று நாம் கூறுவது, பெரும்பாலும், காலத்தைப் பிறர் எடுத்துக்கொண்டதன் பெயரே.

வயதெல்லையை நீக்கியவர்களுக்கு மாலையிடவும் நாம் விரையவேண்டியதில்லை. அப்போட்டியின் உரிமையைத் தாய்லாந்து நிறுவனமொன்று 2022இல் 2 கோடி அமெரிக்க டொலருக்கு விலைக்கு வாங்கியது. விலை கொடுத்து வாங்கிய கடைக்காரன் வாசலை அகலப்படுத்துவான். இருபது வயதுப் பெண்ணிடம் ஆசை மட்டும் இருக்கிறது. நாற்பது வயதுப் பெண்ணிடம் ஆசையோடு பணப்பையும் இருக்கிறது. சுருக்கம் நீக்கும் களிம்புக்கும் நரை மறைக்கும் மைக்கும் அவளே வாடிக்கைக்காரி. ‘எந்த வயதிலும் நீ அழகி’ என்ற இனிய சொல், ‘எந்த வயதிலும் உனக்கு ஓய்வில்லை’ என்ற கட்டளையாகவும் மாறக்கூடும். சமயப் பற்றுடையோரின் மாற்றுப் போட்டியும் இச்சிக்கலிலிருந்து தப்பவில்லை. 2013இல் பாலித் தீவில் உலக அழகிப் போட்டி நடந்த அதே மாதம், அதற்கு மறுப்பாக ஜகார்த்தாவில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு போட்டி நடத்தப்பட்டது. முக்காடு இருந்தது; குர்ஆன் ஓதல் இருந்தது; நைஜீரியப் பெண்ணொருவர் வென்றார். அங்கேயும் நடுவர்கள் அமர்ந்தே இருந்தார்கள். உடலை அளந்த கோலால் ஒழுக்கத்தை அளந்தார்கள், கோல் கைமாறவில்லை.

அந்தக் கோலின் கொடுமையை நாம் நம் நாட்டிலேயே கண்டோம். 2021 ஏப்ரல் 4ஆம் நாள், கொழும்புத் தாமரைத் தடாக அரங்கு. திருமதி இலங்கைப் போட்டியில் புஷ்பிகா டி சில்வா வென்றதாக அறிவிக்கப்பட்டு மகுடமும் சூட்டப்பட்டது. சற்று நேரத்தில், முந்திய வெற்றியாளரும் அப்போது திருமதி உலக அழகிப் பட்டத்தைத் தாங்கியிருந்தவருமான கரோலின் ஜூரி ஒலிவாங்கியின் முன்னே வந்தார். மணமுறிவு பெற்றவர் இப்பட்டத்துக்கு உரியவரல்லர் என்ற விதியைக் கூறி, புஷ்பிகாவின் தலையிலிருந்து மகுடத்தைப் பிடுங்கி, இரண்டாம் இடம் பெற்றவரின் தலையில் வைத்தார். நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. தலையிற் காயத்தோடு அப்பெண் மேடையை விட்டு வெளியேறினார். அவர் கணவரைப் பிரிந்து வாழ்பவர், மணமுறிவு பெற்றவரல்லர் என்று கூறி அமைப்பாளர்கள் மகுடத்தைத் திருப்பிக் கொடுத்தனர். பிடுங்கியவர் கைதாகிப் பிணையில் வந்து, பின்னர் தம் உலகப் பட்டத்தையும் துறந்தார். மகுடத்தை மீளப் பெற்றவரோ, தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்க்கு அதனைக் காணிக்கையாக்குவதாகக் கூறினார்.

பத்திரிகைகள் இதனை இரு பெண்களின் சண்டையாக எழுதின. சண்டை போட்டது பெண்களன்று, விதி. மணமுறிவுப் பத்திரம் இல்லாமையால் புஷ்பிகா தப்பினார். இருந்திருந்தால்? அழகுக்கும் அறிவுக்கும் பேச்சுக்கும் புள்ளியிட்ட பின்னர், கணவன் என்ற கடைசிப் புள்ளி இல்லையென்றால் மகுடம் இல்லை. போரிலும் சுனாமியிலும் கணவரை இழந்தும், வெளியூர் போனவர் திரும்பாமலும், எத்தனையோ வீடுகளைப் பெண்களே தாங்கி நிற்கும் இக்கரையிலே அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அதைக் கொழும்புச் சீமாட்டிகளின் விவகாரமாகப் பார்க்கவில்லை. சாச்சியின் கணவர் அப்போது காலமாகி மூன்றாண்டுகள். அவர் தொலைக்காட்சியின் முன்னே நின்று, “புருசன் இல்லாட்டிப் பொம்பிளைக்குத் தலையும் இல்லயா?” என்று கேட்டார்.

அதன்பின் இரண்டாண்டுகள் கழித்து, 2023 மார்ச் மாதம், மகளிர் தினத்தையொட்டி அயலிலுள்ள ஒரு மாதர் சங்கம் கைத்தறிப் புடைவை அணிவகுப்பொன்றை ஏற்பாடு செய்தது. பெண்கள் மட்டுமே கூடும் மண்டபம். நடுவர் மூவர், பரிசு மூன்று. இளம் பெண்களை எண்ணியே அறிவித்தல் எழுதப்பட்டிருந்தது, வயது குறிப்பிடப்படவில்லை. சாச்சி பெயர் கொடுத்துவிட்டார். வயது நாற்பத்தொன்பது.

வீட்டிலே பெரும் புயல். சாச்சியின் இளைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். “பேரப்பிள்ளை காணுற வயசில மேடை என்னத்துக்கு? மாப்பிள்ள ஊட்டுக்காரர் கேள்விப்பட்டா?” என்று மாமா சினந்தார். படித்தவள் சொன்னால் கேட்பாள் என்று என்னை அழைத்து, புத்தி சொல்லும்படி ஏவினார். நான் சாச்சியின் தறியருகே போய் அமர்ந்தேன். அவர் மிதியை நிறுத்தாமலே பேசினார்.

“எண்ட கையால நெய்த சாரி எத்தின கொழும்பு மேடைக்குப் போயிருக்கும்! சாரி போகலாம், நான் போகக்கூடாதா, மகள்?”

நான் எழுந்து போய், சாச்சி மேடையேறுவதே சரியென்று மாமாவிடம் கூறினேன். அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. இளைய மகளோ, தாயின் புடைவைக்குத் தானே மடிப்பு வைத்துக் கொடுத்தாள்.

அன்று சாச்சி நடந்த நடையில் அழகுக்கலை எதுவுமில்லை. ஆண்டுக்கணக்காகத் தறியில் அமர்ந்த இடுப்பு சற்றே வளைந்திருந்தது. மேடையின் நடுவே வந்ததும் ஏனையோர் போலத் திரும்பிக் காட்டிச் செல்லாமல், அறிவிப்பாளரிடம் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். “இந்தச் சாரிய நெய்தது நான். பாவு போட்டது எண்ட மகள். சாயம் போட்டது பக்கத்து ஊட்டு ராத்தா” என்றார். அவ்வளவே. மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த அந்த ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பின்னர் நடந்து வந்த மூன்று நான்கு பெண்களும் ஒலிவாங்கியை வாங்கித் தம் தம் புடைவையை நெய்தவரின் பெயரைச் சொன்னார்கள். பரிசுகள் இளம் பெண்கள் மூவருக்குப் போயின. சாச்சி அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. பேசிய சம்பந்தமும் பின்னர் தவறியது. காரணம் மேடையன்று, சீதன வீட்டின் கூரை வேலை முடியாமையே.

இதில் என்ன புரட்சி நிகழ்ந்துவிட்டது என்று கேட்கலாம். கூலி உயரவில்லை. நூல் விலை குறையவில்லை. தறியில் ஒரு விலைக்குப் போகும் புடைவை நகரத்துக் கண்ணாடிக்குள் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுவதும் நிற்கவில்லை. உண்மையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உலகத்து அழகு மேடைகளெல்லாம் உடுத்தியவளைக் காட்டி நெய்தவளை மறைக்கின்றன. பட்டாடையிலே ஒளி விழுகிறது, பாவிலே விழுவதில்லை. பத்து வயதில் மகுடத்தைக் கனவு கண்ட ஒரு பெண், நாற்பத்தொன்பதாம் வயதில் மேடைக்கு வந்து சேர்ந்தபோது, மகுடத்தைக் கேட்கவில்லை. தன் உழைப்பின் பெயரைக் கேட்டார். தன்னோடு உழைத்தவர்களின் பெயரையும் சேர்த்துக் கேட்டார். இளமையில் அம்மேடை கிடைத்திருந்தால் அவர் ஒருவேளை அழகுராணியாகவே இறங்கியிருப்பார். இழந்த ஆண்டுகள் அவருக்கு அழகைக் குறைத்தன. கனவின் பொருளைத் தெளிவாக்கின. அதற்காக இழப்பை வாழ்த்தவேண்டியதில்லை. கண்ட தெளிவை வீணாக்காதிருந்தாற் போதும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. ‘என் இலட்சியம்’ என்ற கட்டுரையில் ஒரு மாணவி அழகுராணியாக விரும்புவதாக எழுதினால் நாம் நகைக்கலாம், கண்டிக்கலாம், இரண்டும் எளிது. அவளை அழைத்து, ‘யார் உன்னைப் பார்க்கவேண்டுமென்று விரும்புகிறாய்? பார்க்கும்போது உன்னிடத்தில் எதைப் பார்க்கவேண்டும்?’ என்று வினவுவது அரிது. அவ்வினாவுக்கு அவள் விடை தேடத் தொடங்கும்போதே கடைக்காரனின் பிடி தளரும். அத்தோடு நம் பாடசாலை மேடைகளையும் எண்ணிப் பாருங்கள். ஆரம்ப வகுப்புகளில் நடிக்கவும் பாடவும் முன்னே தள்ளப்படும் சிறுமி, வயதுக்கு வந்ததும் திரைக்குப் பின்னே அனுப்பப்படுகிறாள். பரிசளிப்பு விழாவில் பூத்தட்டு ஏந்துவதற்கே அவள் வேண்டப்படுகிறாள். பேச்சுப் போட்டியும் நாடகமும் விவாதமும் விஞ்ஞானக் கண்காட்சியும் அவளுக்குத் தாராளமாகத் திறந்திருந்தால், எங்கோ ஒரு நகரத்து மகுடத்தை நோக்கி அவள் ஏன் ஏங்கப்போகிறாள்? காணப்படும் உரிமையைக் கொடுக்காத சமுதாயமே, மதிப்பிடப்படும் சந்தைக்குப் பெண்களை அனுப்பிவைக்கிறது.

அந்த மாதர் சங்கத்தார் மறு ஆண்டும் அணிவகுப்பை நடத்தினர். நடுவர் நாற்காலிகள் போடப்படவில்லை. நெய்தவர், பாவு போட்டவர், சாயமிட்டவர் பெயர்களை வாசிப்பதற்கு ஒலிவாங்கி ஒன்று மட்டும் மேடையின் நடுவே நின்றது. அறுபது வயதைக் கடந்தவர் இருவர் அவ்வாண்டு புதிதாகப் பெயர் கொடுத்திருந்தனர்.